நாய் ஏன் இப்படி நடந்துகொள்கிறது? காரணம் கண்டறிய, புதிதாக வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

நாயின் வழக்கத்துக்கு மாறான நடத்தை எதுவானாலும், அதற்கான காரணத்தை உடல், சூழல், பழக்கம் என்ற வரிசையில்தான் தேட வேண்டும். நம் வீடுகளில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. முதலில் அதட்டுகிறோம், பிறகு பயிற்சியாளரைத் தேடுகிறோம், நாய் சாப்பாட்டை விட்டுப் படுத்த பிறகே மருத்துவரிடம் ஓடுகிறோம். எங்கள் வீட்டு நாட்டு நாய் மண்ணைத் தின்னவும் இரவில் தரையை நக்கவும் தொடங்கியபோது, அக்கம்பக்கத்தார் சேட்டை என்றார்கள். பயிற்சியாளர் ஒருவர் செல்லம் அதிகம் என்றார். மருந்துக் கடையில் கால்சியம் மருந்து கொடுத்தார்கள். உண்மையில் அதற்கு உண்ணிக் காய்ச்சல் வந்து இரத்தம் குறைந்திருந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் பட்ட அலைச்சலும் செலவும் புதிதாக நாய் வளர்க்கும் வேறு யாருக்கும் வேண்டாம் என்பதற்காகவே, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். மருத்துவரிடம் உரிய நேரத்தில் உரிய தகவலோடு போய்ச் சேர இது உதவும். மருந்தை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்தான்.

1. காத்திருக்கக் கூடாதவற்றை முதலில் பிரித்துவிடுங்கள்

பின்னால் சொல்லப்போகும் நிதானமான ஆய்வு சில நடத்தைகளுக்குப் பொருந்தாது. சுவரிலோ மூலையிலோ தலையை அழுத்தியபடி நாய் நிற்பது மூளை அல்லது கல்லீரல் பாதிப்பைக் காட்டலாம். அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் மறுபடி வந்தாலோ தாமதிக்காமல் வண்டியில் ஏற்றுங்கள். வாந்தியெடுக்க முயன்றும் எதுவும் வராமல், வயிறு உப்பி, நாய் நிலைகொள்ளாமல் அலைந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். கிரேட் டேன், டோபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற ஆழ்ந்த மார்புள்ள பெரிய இனங்களில் இது சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். ஆண் நாய் திரும்பத் திரும்பக் காலைத் தூக்கியும் சிறுநீர் வராமல் தவிப்பதும், கோடை நண்பகலில் கடுமையாக மூச்சிரைத்துத் தள்ளாடுவதும் இந்த வகையைச் சேர்ந்தவையே. வெயில் தாக்கிய நாயின் உடல் முழுவதும் குழாய்த் தண்ணீரை ஊற்றி, மின்விசிறிக் காற்றில் சற்றுக் குளிரவைத்துவிட்டுப் பிறகு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

வெறிநோய் எனப்படும் ரேபிஸைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சாதுவான நாய் திடீரெனச் சீறுவது அல்லது கூச்சமுள்ள நாய் திடீரென ஒட்டிக்கொள்வது, குரைக்கும் குரல் மாறுவது, கல், கட்டை என்று கண்டதைக் கடிப்பது, கீழ்த்தாடை தொங்கி எச்சில் ஒழுகுவது, விழுங்க முடியாமல் திணறுவது, பின்னங்கால்கள் துவளுவது ஆகியவை அதன் அறிகுறிகள். எல்லா வெறிநாயும் துரத்திக் கடிப்பதில்லை. ஒரு வகையில் நாய் அமைதியாகச் சுருண்டு கிடக்கும், தாடை மட்டும் செயலிழந்து தொங்கும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விடுகிறார்கள். தடுப்பூசி வரலாறு தெரியாத நாய் விழுங்கத் திணறினால் கையை உள்ளே விடாதீர்கள்; தனி அறையில் அடைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

இத்தகைய நாய் கடித்தாலோ, அதன் எச்சில் காயத்தில் பட்டாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதையும் காயத்தில் வைக்காதீர்கள். அங்கே தடுப்பூசி கட்டணமின்றிப் போடப்படுகிறது. தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசி போடும் நாளைப் பூஜ்யமாகக் கொண்டு 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போட வேண்டும். இரத்தம் வந்த கடியானால் காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத (இம்யூனோகுளோபுலின்) ஊசியும் தேவைப்படும். நாயைப் பத்து நாள் கவனித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் நாயைக் கவனிக்க வேண்டும்.

2. பார்த்ததை எழுதுங்கள், படம் பிடியுங்கள்

மேற்சொன்ன அவசரம் எதுவும் இல்லையென்றால் ஒரு வாரம் குறிப்பெடுங்கள். நடத்தை தொடங்கிய நேரம், அதற்கு முன் நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எப்படி முடிந்தது என்ற நான்கும் போதும். அதே பக்கத்தில் அன்றைய உணவு, மலத்தின் தன்மை, நடைக்குப் போன நேரம் ஆகியவற்றையும் எழுதிவிடுங்கள். சாப்பிட்ட அரை மணியில் வருகிறதா, வெறும் வயிற்றில் விடியற்காலையில் வருகிறதா, வீட்டில் யாரும் இல்லாதபோது மட்டுமா என்பது ஒரு வாரக் குறிப்பிலேயே பல நேரம் தெரிந்துவிடும்.

குறிப்பில் மிக மதிப்புள்ள தகவல், அந்த நடத்தையை நிறுத்த முடிகிறதா என்பது. நாய் தன் வாலைத் துரத்திக்கொண்டிருக்கும்போது பெயர் சொல்லி அழையுங்கள். அசையாவிட்டால் பிடித்த தீனியைத் தரையில் போடுங்கள். உடனே விட்டுவிட்டு வருகிறது என்றால் சலிப்பாகவோ விளையாட்டாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். தீனி காலடியில் கிடந்தும் கவனிக்காமல் தொடர்ந்தால், அது கட்டுப்படுத்த முடியாத மனநிலை சார்ந்ததாகவோ வலிப்பின் ஒரு வடிவமாகவோ இருக்கலாம். இந்த ஒரு விவரம் மருத்துவரின் சோதனைப் பட்டியலையே மாற்றிவிடும்.

காணொளி கட்டாயம் வேண்டும். மருத்துவமனை மேசையில் எந்த நாயும் வீட்டில் செய்வதைச் செய்து காட்டாது. கைபேசியைக் கிடைமட்டமாகப் பிடித்து, முகம் மட்டுமன்றி நான்கு கால்களும் தெரியும்படி, நாயை அழைக்காமல் ஒரு நிமிடம் எடுங்கள். நீங்கள் இல்லாதபோது நடப்பதை அறியப் பழைய கைபேசி ஒன்றைப் பதிவில் போட்டுவிட்டு வெளியே போய் வாருங்கள்.

3. வீட்டிலேயே உடலைத் தடவிப் பாருங்கள்

இதை நாய் நலமாக இருக்கும்போதே பழக்கிவிட வேண்டும். அதன் இயல்பு நிலை தெரிந்தால்தான் மாற்றம் புலப்படும்.

ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடத்தில் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறு கறுப்பாக இருப்பதால், அவற்றுக்குக் கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். அது வெளுத்திருந்தால் இரத்தசோகையைச் சந்தேகிக்கலாம். இரத்தசோகை உள்ள நாயின் விசித்திரமான பசியைப் பயிற்சியால் மாற்ற முடியாது.

உடல் வெப்பத்தை மூக்கைத் தொட்டு அறிய முடியாது. தனியாக ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கி, முனையில் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை இயல்பு. மனிதக் கணக்கில் இது காய்ச்சல் என்பதால் புதியவர்கள் பதறிவிடுகிறார்கள். தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருக்க வேண்டும்.

பிறகு காதின் உட்புறம், கழுத்துப்பட்டைக்குக் கீழே, அக்குள், விரலிடுக்கு, வாலுக்கு அடியில் என்று உண்ணியைத் தேடுங்கள். காதில் நாற்றமும் பழுப்பு அழுக்கும் இருந்தால் தலையை உதறுவதற்கும் ஒரு பக்கமாகச் சாய்ப்பதற்கும் காரணம் அதுவாகவே இருக்கலாம். முதுகையும் இடுப்பையும் மெல்ல அழுத்தும்போது தோல் சிலிர்த்தாலோ நாய் திரும்பிப் பார்த்தாலோ வலி இருக்கிறது. திடீரென உறுமத் தொடங்கிய நாய், சோபாவில் ஏற மறுக்கும் நாய், படுக்கையிலிருந்து யாரேனும் எழுப்பினால் கடிக்க வரும் நாய் என்று எதுவானாலும் முதலில் வலியைத் தேடுங்கள். நாய் வலியை முனகிச் சொல்வது அரிது. தொடவிடாமல் இருப்பதுதான் பெரும்பாலும் நமக்குக் கிடைக்கும் அறிகுறி.

குடிக்கும் தண்ணீரையும் ஒருநாள் அளந்து ஊற்றுங்கள். பத்துக் கிலோ நாய் ஒரு நாளில் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால் சிறுநீரகம், சர்க்கரை, ஹார்மோன் கோளாறு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறது என்று அடி வாங்கும் நாய்கள் சில உண்மையில் இந்த வகையைச் சேர்ந்தவை.

4. எந்த நடத்தைக்கு எங்கே தேடுவது

மண், சுவர்ச் சுண்ணாம்பு, சாம்பல் தின்னுதல்: குட்டியானால் கொக்கிப்புழுவையும், வளர்ந்த நாயானால் உண்ணிக் காய்ச்சலையும் முதலில் நினையுங்கள். நம் ஊர்த் தட்பவெப்பத்தில் பழுப்பு நாய் உண்ணி ஆண்டு முழுவதும் வாழ்கிறது. எர்லிக்கியா, பபேசியா ஆகிய கிருமிகளை அதுவே நாயின் உடலில் சேர்க்கிறது. கடித்து ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்தே எர்லிக்கியா நோய் தலைகாட்டுவதால், உண்ணியைப் பிடுங்கி எறிந்ததை நாம் மறந்தே போயிருப்போம். சோர்வு, பசியின்மை, மூக்கில் இரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் ஆகியவை சேர்ந்தால் ஐயம் வலுக்கும். முழு இரத்த எண்ணிக்கை, தட்டணுக்களின் அளவு, இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும் பூச்சுச் சோதனை, மலப் பரிசோதனை ஆகிய நான்கையும் கேட்டுப் பெறுங்கள். எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் மருந்தை வழக்கமாக நான்கு வாரம் தருகிறார்கள். இரண்டு மூன்று நாளில் நாய் எழுந்து ஓடத் தொடங்கிவிடும். அப்போது மருந்தை நிறுத்துவது இந்த நோயில் செய்யவே கூடாத காரியம்.

நாய்க்கு மருந்து கொடுத்துவிட்டு வீட்டை விட்டுவிட்டால் நோய் திரும்பும். இந்த உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. சுவர் விரிசல், கட்டிலின் அடிப்புறம், கதவு நிலை, மொட்டைமாடிப் படிக்கட்டு என்று ஒளிந்துகொண்டு, ஒவ்வொரு பெண் உண்ணியும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. விரிசல்களைப் பூசி அடைத்து, படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைத்து, பூச்சிமருந்தை மருத்துவர் சொன்ன அளவில் அடித்து, நாய்க்கும் உண்ணி மாத்திரையோ சொட்டு மருந்தோ விடாமல் கொடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவதும், மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து குளிப்பாட்டுவதும் நாயைக் கொன்றுவிடக்கூடும். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து அதற்கு நஞ்சு. நாய்க்கு வலிப்பு வந்த வரலாறு இருந்தால், மென்று தின்னும் உண்ணி மாத்திரையை வாங்கும் முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

தரை, சுவர், சோபாவை ஓயாமல் நக்குதல். இல்லாத ஈயைக் கவ்வுதல்: இவை பார்ப்பதற்கு மனநோய் போலத் தெரிந்தாலும் முதலில் சோதிக்க வேண்டியது வயிற்றை. கனடாவின் மொன்றியால் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பொருள்களை ஓயாமல் நக்கிய 19 நாய்களில் 14-க்குச் செரிமான மண்டலக் கோளாறு இருந்தது. ஈயைக் கவ்வுவது போலச் செய்த ஏழு நாய்களைச் சோதித்தபோது ஏழுக்குமே அத்தகைய கோளாறு தென்பட்டது. ஆய்வுக்கு எடுத்த நாய்கள் சில என்றாலும், சோதனையை எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு இது போதுமான சான்று. எங்கள் நாய் உண்ணிக் காய்ச்சல் குணமான பிறகும் விடியற்காலையில் தரையை நக்கிக்கொண்டுதான் இருந்தது. இரைப்பை அழற்சிக்கு மருந்து எடுத்து, இரவு உணவின் ஒரு பகுதியைப் படுக்கும் நேரத்துக்கு ஒதுக்கிய பிறகு அது படிப்படியாக நின்றது.

பின்புறத்தைத் தரையில் தேய்த்தல்: புழு என்று முடிவு கட்டி, கடையில் மாத்திரை வாங்கிக் கொடுப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆசனவாயின் இருபுறமும் உள்ள குதச் சுரப்பிகள் நிறைந்து அடைத்துக்கொள்வதும் தோல் ஒவ்வாமையும் இதற்கு முக்கியமான காரணங்கள். வாலடியில் அரிசி போன்ற துணுக்குகள் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. அந்தப் புழுவைக் கொண்டுவருவது பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி என்பதால், பூச்சியை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் மீண்டும் வரும்.

பாதத்தை நக்குதல்: ஒரே பாதத்தை நக்கினால் முள், வெட்டு, உண்ணி, மூட்டுவலி ஆகியவற்றைத் தேடுங்கள். நான்கையும் நக்கி, வெள்ளை முடி துருநிறத்துக்கு மாறியிருந்தால் ஒவ்வாமைக்கே வாய்ப்பு அதிகம்.

புல் தின்னுதல்: இதற்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புல் தின்னும் நாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான் அதன் பிறகு அடிக்கடி வாந்தியெடுக்கிறது; தின்பதற்கு முன் நோய்வாய்ப்பட்டதாகத் தெரிந்தவை அதனினும் குறைவு. பூச்சிமருந்து அடித்த புல்தரையாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். தினமும் வாந்தி இருந்தால் அது வேறு செய்தி.

மலம் தின்னுதல்: வீட்டாருக்கு மிகுந்த அருவருப்பைத் தருவதால் அதிகம் அடிபடுவதும் இதற்காகத்தான். அதே டேவிஸ் வளாகத்தின் 2018 ஆய்வில் ஏறத்தாழ ஆறில் ஒரு நாய் அடிக்கடி இதைச் செய்வதாகத் தெரிந்தது. அவை நாடுவது பெரும்பாலும் இரண்டு நாளுக்கு உட்பட்ட புதிய மலத்தை. இதைத் தடுப்பதாக விற்கப்படும் பொடிகளும் மாத்திரைகளும் ஏறக்குறையப் பயனற்றவை. பணத்தை அவற்றில் போடாமல், கழித்த உடனே அள்ளிவிடுங்கள். நாய் மெலிந்துகொண்டே வந்தால் மட்டும் புழுவுக்கும் கணையத்துக்கும் சோதனை செய்யுங்கள்.

பெண் நாய் செருப்பையும் பொம்மையையும் குட்டிபோல் காத்தல்: சினைப்பருவம் முடிந்து ஆறு முதல் எட்டு வாரத்தில், இணை சேராத நாய்க்கும் மடி பெருத்துப் பால் சுரக்கலாம், மூலையில் பள்ளம் தோண்டிப் படுக்கும், பொம்மையை எடுக்கப் போனால் உறுமும். இதுவே பொய்ச்சினை. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானே அடங்கும். பாலைக் கறந்துவிடாதீர்கள், கறந்தால் மேலும் சுரக்கும். கருத்தடை அறுவையை இது அடங்கிய பிறகே வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதே காலகட்டத்தில் நாய் சோர்ந்து, தண்ணீரை அளவின்றிக் குடித்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம், அது உயிராபத்து. சினைப்பருவத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஊளை: நள்ளிரவு ஊளையைச் சாவுக்கு அறிகுறியாகக் கொண்டு நாயை விரட்டும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஆம்புலன்ஸ் ஒலி, கோயில் ஒலிபெருக்கி, தொலைவில் ஊளையிடும் இன்னொரு நாய், சினைப்பருவத்தில் உள்ள பெண் நாயின் மணம், தனிமை என்று கண்டறியக்கூடிய காரணங்கள் பல. நேரத்தைக் குறித்து வந்தால் காரணம் கிடைத்துவிடும்.

மூச்சை உள்ளே இழுத்துச் செருமுதல்: கழுத்தை நீட்டி, பன்றி உறுமுவது போன்ற ஓசையுடன் மூச்சை உள்ளிழுப்பது தலைகீழ்த் தும்மல். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். ஈறு நிறம் மாறாது. படம் பிடித்து அடுத்த முறை மருத்துவரிடம் காட்டினால் போதும். தூக்கத்தில் கால் உதறுவதும், படுக்கும் முன் சுற்றுவதும், செத்த மீன் மேல் புரள்வதும் இயல்பானவை. விழித்திருக்கும்போதும் ஒரே தசை தாளம் தவறாமல் துடித்தால், அதுவும் தடுப்பூசி போடாத குட்டிக்கு என்றால், நரம்பையும் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும்.

5. மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டியவை, ஆகும் செலவு

தடுப்பூசி அட்டை, கடைசியாகக் குடற்புழு மருந்தும் உண்ணி மருந்தும் கொடுத்த தேதிகள், முந்தைய பரிசோதனை அறிக்கைகள், தற்போது கொடுக்கும் மருந்துகளின் அட்டைகள், உங்கள் ஒரு வாரக் குறிப்பு, காணொளி ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். தடுப்பூசி அட்டையில் மருந்துப் புட்டியின் ஒட்டுச்சீட்டும் மருத்துவரின் கையொப்பமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய் வளர்க்க உரிமம் கட்டாயம். அதற்கும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும் என்பதால் அந்த அட்டையின் நகல் ஒன்றைத் தனியே வைத்திருப்பது நல்லது.

அன்று காலை எடுத்த மலத்தைச் சிறு டப்பாவில் கொண்டு போங்கள். காது, தோல் தொந்தரவு என்றால் போவதற்கு முந்தைய நாட்களில் குளிப்பாட்டாதீர்கள், காதைத் துடைக்காதீர்கள்; துடைத்துவிட்டால் சோதிக்க எதுவும் மிஞ்சாது. இரத்தச் சோதனைக்கோ வயிற்று ஸ்கேனுக்கோ வெறும் வயிறு தேவையா என்று முன்கூட்டியே கேளுங்கள். குட்டிகளை நீண்ட நேரம் பட்டினி போடக் கூடாது.

செலவு ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் தனியார் மருத்துவருக்கு ஒரு முறை ஏறத்தாழ 300 முதல் 1000 ரூபாய் வரையும், இரத்த எண்ணிக்கைக்கு 500 ரூபாயை ஒட்டியும், கல்லீரல், சிறுநீரகச் சோதனைகளுக்கும் ஸ்கேனுக்கும் தனித்தனியே ஆயிரத்தைத் தாண்டியும் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு கையைக் கடித்தால், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் குறைந்த கட்டணத்தில் துறை வாரியான மருத்துவர்களைப் பார்க்க முடியும். கூட்டம் அதிகம் என்பதால் காலையிலேயே போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அரை நாளை ஒதுக்கிவிடுங்கள். எல்லாச் சோதனையையும் ஒரே நாளில் எடுக்க வேண்டியதில்லை. எதை முதலில் எடுத்தால் எது தேவையற்றுப் போகும் என்று மருத்துவரிடமே கேளுங்கள். நல்ல மருத்துவர் அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்வார்.

வலி என்று தெரிந்தாலும் வீட்டிலுள்ள இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற மனித மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். நாய்க்கு அவை இரைப்பைப் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும்.

6. உடலில் குறையில்லை என்றான பிறகு சூழலைப் பாருங்கள்

நாள் முழுவதும் கட்டிப்போட்ட நாய் வட்டமடிப்பதும், சங்கிலியைக் கடிப்பதும், வருவோர் போவோரையெல்லாம் குரைப்பதும் நோயல்ல. அந்த வாழ்வுக்கு வேறு விதமாக நடந்துகொள்ள அதனால் முடியாது. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாய்க்கு நியாயமான உடற்பயிற்சி அளிக்காமல் விடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். காலையும் மாலையும் அரை மணி நேரம், அது மோந்து பார்க்க விரும்பும் இடத்திலெல்லாம் நின்று நடத்திப் பாருங்கள். வெயில் ஏறிய தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால் நாயையும் நடத்தக் கூடாது. கோடையில் செடித்தொட்டியைத் தோண்டிப் படுப்பதும் குளியலறையில் கிடப்பதும் சூட்டைத் தணித்துக்கொள்ளும் முயற்சி என்பதால், ஈரச் சாக்கும் நிழலும் கொடுத்தால் தோண்டுவது குறையும்.

வெடிச்சத்தத்துக்கு நடுங்குவது தனிச் சிக்கல். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னதாகவே மருத்துவரைப் பாருங்கள். அச்சம் தணிக்கும் மருந்தை எழுதித் தந்தால் பண்டிகைக்கு முன் அமைதியான ஒரு நாளில் ஒரு முறை கொடுத்து, நாய் அதை எப்படி ஏற்கிறது என்று பார்த்துவிட வேண்டும். வெறும் மயக்கம் தரும் மருந்தால் உடல் அசைவு குறையுமே தவிர அச்சம் குறையாது. ஜன்னல் இல்லாத உள்ளறை, ஓடும் மின்விசிறி, தொலைக்காட்சி ஒலி, கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். நடுங்கும் நாயை அணைத்துக்கொண்டால் பயம் பழகிவிடும் என்று சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம், தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள்.

7. பழக்கத்தை மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

உணவு, நடை, மருந்து, படுக்குமிடம் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால், குணமானாலும் எதனால் குணமானது என்று தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு வாரமாவது கொடுங்கள். தோல் ஒவ்வாமைக்கு உணவை மாற்றிப் பார்ப்பதானால் எட்டு வாரம் தேவை. இடையில் பாட்டி கொடுக்கும் ஒரு பிஸ்கட்கூட அந்த எட்டு வாரத்தையும் வீணாக்கிவிடும். ஆகவே தொடங்கும் முன் வீட்டிலுள்ள அனைவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்.

அடிக்காதீர்கள். தலையைக் குனிந்து கண்ணைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்து, தப்புச் செய்தது தெரிந்துதான் இப்படி நிற்கிறது என்கிறோம். அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட சோதனையில், தவறே செய்யாத நாயும் வளர்ப்பவர் திட்டியபோது அதே முகத்தைக் காட்டியது. குரலின் கடுமைக்கு அஞ்சி அது அப்படி நிற்கிறது. ஒரு மணி நேரம் முன்பு கடித்த செருப்பை நினைத்து அல்ல. மின்னதிர்ச்சிப் பட்டை, முள் சங்கிலி ஆகியவற்றைப் பரிந்துரைக்கும் பயிற்சியாளரிடம் நாயை ஒப்படைக்காதீர்கள். பயிற்சிக்கு முன்பணம் கட்டும் முன், உடற்பரிசோதனை அறிக்கையை அவர் கேட்கிறாரா என்று கவனியுங்கள். அதைக் கேட்பவரையே நான் நம்புவேன்.

8. வயதான நாயானால்

பத்து வயதைக் கடந்த நாய் இரவில் அலைவதும், சுவரை வெறித்து நிற்பதும், கதவின் கீல் பக்கம் போய் நின்று திறக்கக் காத்திருப்பதும், நன்கு பழகியவரை அடையாளம் தெரியாமல் குரைப்பதும் மூளை முதுமையின் அறிகுறிகள். டேவிஸ் வளாகத்தில் நடந்த ஓர் ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 விழுக்காட்டுக்கும், 15, 16 வயதில் 68 விழுக்காட்டுக்கும் இத்தகைய அறிகுறிகளில் ஒன்றேனும் இருந்தது. ஆனாலும் வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் கண்புரை, காது கேளாமை, மூட்டுவலி, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றை முதலில் விலக்குங்கள். இவற்றாலும் நாய் அதே போல நடந்துகொள்ளும். அறைகலன்களை இடம் மாற்றாமல், இரவில் சிறு விளக்கு எரியவிட்டு, வழுக்கும் தரையில் பாய் விரித்து, உணவு நேரத்தை மாற்றாமல் பாருங்கள். மனநிலைக்கும் மூட்டுக்கும் மருந்துகள் உண்டு. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இந்த வயதில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரத்தம், சிறுநீர், இரத்த அழுத்தம் ஆகிய மூன்றையும் சோதித்து, எடையையும் அதே அட்டையில் எழுதி வாருங்கள்.